பொருள் பக்கம் கூகுளில் ஏறவில்லையா? நெல்லைச் சீமையின் புதிய ஆன்லைன் கடைக்காரர்களுக்கு

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் அல்வா, கருப்பட்டி, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று விற்கிறவர்களில் பலர் இப்போது சொந்தமாக ஆன்லைன் கடையும் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் பக்கம் திறக்கிறது, யுபிஐயில் பணம் வருகிறது, கூரியரும் போகிறது. ஆனால் கூகுளில் தேடினால் கடையின் முகப்புப் பக்கம் மட்டும்தான் தெரிகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் படம் எடுத்து, விலை போட்டு ஏற்றிய பக்கங்களைக் காணவே காணோம். அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கடையின் அட்மின் பக்கத்துக்குள் போய் வரத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு பக்கம் இருப்பதைக் கூகுள் தெரிந்துகொள்வது, அதன் தானியங்கி நிரலான கூகுள்பாட் வந்து படிப்பது, படித்ததை இண்டெக்ஸ் என்ற தன் பட்டியலில் சேர்ப்பது, யாராவது தேடும்போது வரிசையில் காட்டுவது: இவை நான்கும் வேறு வேறு வேலைகள். 'திருநெல்வேலி அல்வா' என்று தேடி முதல் பத்தில் உங்கள் கடை வரவில்லை என்றால், இண்டெக்ஸ் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. அந்தத் தேடலில் எத்தனையோ பேர் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். இண்டெக்ஸே ஆகாத பக்கம் என்றால், கடைப் பெயரோடு பொருளின் முழுப் பெயரை அப்படியே அடித்துத் தேடினாலும் வராது. நாம் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

இண்டெக்ஸ் ஆகாததற்கான காரணங்கள் மூன்று வகையில் அடங்கிவிடும். கூகுளை உள்ளே வர வேண்டாம் என்று நாமே எழுதி வைத்திருப்போம். அல்லது வர நினைத்தும் அதனால் வர முடியாமல் இருக்கும். அல்லது வந்து படித்துவிட்டு, 'இதில் புதிதாக ஒன்றும் இல்லை' என்று விட்டுவிட்டுப் போயிருக்கும். முதல் இரண்டையும் பெரும்பாலும் ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். நம் பக்கத்துச் சிறு கடைகளில் நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது. அதற்குப் போய் 'சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) அனுப்பு', 'இண்டெக்ஸ் செய்யச் சொல்லி மறுபடி ரெக்வெஸ்ட் கொடு' என்று யோசனை சொல்கிறார்கள். அதனால்தான் மாதக்கணக்கில் அழுத்தியும் ஒன்றும் நடப்பதில்லை.

சாவி யார் கையில்?

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. உங்கள் பக்கங்களைப் பற்றிக் கூகுள் என்ன நினைக்கிறது என்பதை அதுவே சொல்லும் இடம் அது. அதை உங்கள் சொந்த ஜிமெயிலில் திறங்கள். கடையைக் கட்டிக்கொடுத்த தம்பியின் ஜிமெயிலில் இருந்தால், அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போன பிறகு சாவியும் அவரோடு போய்விடும். ஏற்கெனவே அவர் கணக்கில்தான் இருக்கிறது என்றால், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்' என்ற இடத்தில் உங்களையும் ஓனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். டொமைன் பெயரும் (கடையின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் அதே கையோடு கேட்டுவிடுங்கள்.

புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. 'டொமைன்' வகையைத் தேர்ந்தால், டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) பகுதிக்குப் போய், கன்சோல் தரும் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற ஒரு வரியை ஒட்ட வேண்டும். கொஞ்சம் மிரட்டும். ஆனால் முகவரி டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் எல்லாமே ஒரே இடத்தில் வந்துவிடும். 'யூஆர்எல் பிரிஃபிக்ஸ்' வகையில் தளத்தின் தலைப்பகுதியில் ஒரு சின்னக் குறியை ஒட்டினால் போதும். கடை கட்டும் மென்பொருள்களான ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸில் இயங்கும் வூகாமர்ஸ் இரண்டிலும் அதற்கு வழி இருக்கிறது.

மூன்று பக்கங்களை எடுத்துச் சோதியுங்கள்

கன்சோலின் மேலே ஒரு நீளமான பெட்டி இருக்கும். அதில் பொருள் பக்கத்தின் முழு முகவரியையும் ஒட்டி என்டர் தட்டினால், அந்தப் பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று சொல்லும். இதற்கு யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் என்று பெயர். நன்றாக விற்கும் பொருள் ஒன்று, போன வாரம் ஏற்றியது ஒன்று, யாரும் எட்டிப் பார்க்காத பழையது ஒன்று என மூன்றை எடுங்கள். மூன்றும் ஒரே காரணத்தைக் காட்டினால் கோளாறு கடை முழுவதற்குமானது. ஒரே இடத்தில் கை வைத்தால் எல்லாம் சரியாகும். ஆளுக்கொரு காரணம் காட்டினால் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதுதான்.

கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, டொமைன் பெயரைச் சேர்த்துத் தேடும் பழைய வழியும் உண்டு. ஒரு பார்வைக்குச் சரி. அதில் வரும் எண்ணிக்கையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; அது முழுப் பட்டியல் இல்லை.

இடது பக்கம் 'இண்டெக்ஸிங்' என்பதன் கீழே 'பேஜஸ்' என்ற அறிக்கை இருக்கிறது. இண்டெக்ஸ் ஆகாத பக்கங்களைக் காரண வாரியாகப் பிரித்துக் காட்டும். அதில் பெரிய எண்ணைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்கள், விலை வாரியாக அடுக்கிப் பார்க்கும் பக்கங்கள் எல்லாம் இண்டெக்ஸில் இருக்கவே கூடாதவை. 'ஆல்டர்நேட் பேஜ் வித் ப்ராப்பர் கெனானிக்கல் டேக்' என்று இருப்பதும் பெரும்பாலும் நல்ல செய்திதான். நாம் தேடுவது, இண்டெக்ஸில் இருக்க வேண்டிய பொருள் பக்கம் எந்தத் தலைப்பின் கீழ் மாட்டியிருக்கிறது என்பதை மட்டும்.

வராதே என்று நாமே சொல்லியிருந்தால்

'எக்ஸ்க்ளூடட் பை நோஇண்டெக்ஸ் டேக்' என்று இருந்தால், பக்கத்துக்குள் எங்கோ 'என்னைச் சேர்க்காதே' என்ற குறி கிடக்கிறது. வேர்ட்பிரஸில் கட்டிய கடை என்றால் 'செட்டிங்ஸ்', 'ரீடிங்' என்று போங்கள். தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே இருக்கும். கடை கட்டும்போது பாதிச் சரக்கோடு வெளியே தெரியக் கூடாது என்று டிக் போடுவார்கள். திறப்பு விழா பரபரப்பில் எடுக்க மறந்துவிடுவார்கள். அது சரியாக இருந்தால், எஸ்இஓ பிளகின் (தேடலில் தெரிவதற்கான கூடுதல் செயலி) ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பொருள் பக்கங்கள் மொத்தத்துக்கும் ஒரு அமைப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக ஒரு அமைப்பு என்று இரண்டு இடத்தில் இந்தக் குறி ஒளிந்திருக்கலாம். ஷாப்பிஃபையில் கடைக்குப் பாஸ்வேர்டு போட்டு மூடி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

'பிளாக்டு பை ரோபாட்ஸ் டெக்ஸ்ட்' என்றால், எந்தப் பாதையில் வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ஒரு கோப்பு தடுக்கிறது. டொமைன் முகவரிக்குப் பின்னால் /robots.txt என்று அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்து பிரவுசரில் திறந்து பாருங்கள். 'டிஸ்அலவ்' என்று தொடங்கும் வரிகளில் பொருள் பக்கங்களின் பாதை இருந்தால் அதை எடுக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரோபாட்ஸ் கோப்பு கூகுள்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் குறியை அது படிக்கவே முடியாது. ஆகவே ஒரு பக்கம் இண்டெக்ஸில் வரக் கூடாது என்றால் நோஇண்டெக்ஸ் மட்டும் போடுங்கள், வழியை அடைக்காதீர்கள். ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2019 செப்டம்பர் முதல் கூகுள் அதைப் பார்ப்பதில்லை. பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

கெனானிக்கல் என்ற குறியும் நம்மைக் கவிழ்க்கும். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று முகவரி இருந்தால் 'அசல் முகவரி இதுதான்' என்று காட்டுவது அதன் வேலை. சில தீம்களில் (கடையின் தோற்ற வார்ப்புகளில்) எல்லாப் பொருள் பக்கங்களின் கெனானிக்கலும் முகப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் கூகுள் முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் அதன்மேல் குற்றமில்லை. இன்ஸ்பெக்ஷனில் 'யூசர் டிக்ளேர்டு கெனானிக்கல்' என்ற வரியில் அந்தப் பக்கத்தின் சொந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வர நினைத்தும் வழி இல்லை என்றால்

இதில் நம் ஊர்க் கடைகளுக்கென்றே சில காரணங்கள் இருக்கின்றன.

'தமிழ்நாட்டுக்குள் மட்டும்தானே அனுப்புகிறோம், வெளிநாட்டு ஆட்கள் எதற்கு?' என்று சிலர் ஃபயர்வாலில் (தளத்தின் காவல் அமைப்பில்) இந்தியாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களை மொத்தமாக அடைத்துவிடுகிறார்கள். ஸ்பேம் குறைகிறது, உண்மைதான். ஆனால் கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளில் இருந்துதான் வருகிறது. அதற்கும் சேர்த்துக் கதவு சாத்தியாகிவிட்டது.

இன்னொன்று பின்கோடு பெட்டி. பக்கம் திறந்ததும் 'உங்கள் பின்கோடு என்ன?' என்று கேட்டு, 627 என்று தொடங்கும் எண்ணைப் போட்ட பிறகுதான் பொருளையும் விலையையும் காட்டும் கடைகள் இருக்கின்றன. கூகுள்பாட் எதையும் டைப் செய்யாது. அதற்குத் தெரிவது ஒரு கேள்வியும் ஒரு வெற்றுப் பெட்டியும் மட்டும். பின்கோடு கேட்க வேண்டும் என்றால் பொருளைக் காட்டிவிட்டு, கார்ட்டில் போடும் இடத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எளிய வழி: இன்ஸ்பெக்ஷன் பக்கத்தில் 'டெஸ்ட் லைவ் யூஆர்எல்' அழுத்தி, முடிந்ததும் 'வியூ டெஸ்டட் பேஜ்' திறங்கள். கூகுள்பாட் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று படமாகவும் எச்டிஎம்எல் (பக்கத்தின் உள் எழுத்து) ஆகவும் வரும். எச்டிஎம்எல்-லில் பொருளின் பெயரையும் விவரத்தில் உள்ள ஒரு வரியையும் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாதது கூகுளுக்கு இல்லாததுதான். கூகுள் மொபைல் வடிவத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது. கம்ப்யூட்டரில் தெரிகிற விவரம் போனில் வராதபடி தீம் வெட்டிவிட்டிருந்தால் அதையும் இங்கேயே கண்டுகொள்ளலாம்.

'டிஸ்கவர்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் பக்கம் இருப்பது தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். புதுக் கடைக்கு முதல் சில வாரங்கள் இது சகஜம். நாள் கடந்தும் மாறவில்லை என்றால் உள் இணைப்புகளைப் பாருங்கள். பொருள் பட்டியலில் பன்னிரண்டு பொருளைக் காட்டிவிட்டு 'மேலும் காட்டு' என்று பட்டன் வைத்திருந்தால், கூகுள்பாட் அதை அழுத்தாது. பதின்மூன்றாவது பொருளுக்கு வழியே கிடையாது. பட்டனுக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்க எண்கள் சாதாரண லிங்க்காக இருக்கட்டும். 'இதோடு வாங்குபவை' என்று ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் நான்கு பொருளைக் காட்டுங்கள். சுக்குக் கருப்பட்டிப் பக்கத்தில் இருந்து சுக்கு மல்லித் தூளுக்கு ஒரு லிங்க் இருப்பது வாங்குகிறவருக்கும் உதவும். கூடவே 'செட்டிங்ஸ்' பகுதியில், கூகுள்பாட் வந்துபோன கணக்கைக் காட்டும் 'கிரால் ஸ்டாட்ஸ்' அறிக்கையையும் ஒருமுறை பாருங்கள். சர்வர் அடிக்கடி 5 என்று தொடங்கும் பிழை எண்களைக் காட்டுகிறது என்றால், மலிவு ஹோஸ்டிங் மூச்சு வாங்குகிறது. கூகுளும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சைட்மேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷாப்பிஃபை தானாகவே செய்து தரும், வேர்ட்பிரஸிலும் அப்படித்தான். முகவரியை கன்சோலில் ஒருமுறை கொடுத்தால் போதும். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போகலாம் என்பதால் நம் கடைகளுக்கு இடப் பிரச்சினை வராது. முன்னுரிமை எண், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும் என்ற விவரம் இரண்டையும் கூகுள் பார்ப்பதே இல்லை. அதை உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். 'உங்கள் கிரால் பட்ஜெட் (கூகுள்பாட் ஒரு தளத்தில் படிக்க ஒதுக்கும் அளவு) தீர்ந்துவிட்டது' என்று யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டு நகருங்கள். கூகுளின் சொந்த ஆவணமே அந்தக் கவலையைப் பத்து லட்சத்துக்கு மேல் பக்கங்கள் உள்ள தளங்களுக்கும், தினமும் மாறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் உள்ள தளங்களுக்கும்தான் முக்கியமாகச் சொல்கிறது.

வந்து பார்த்துவிட்டு விட்டுப் போனால்

'கிரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு'. கதவு திறந்திருக்கிறது, கூகுள்பாட் வந்தது, படித்தது, எடுத்துக்கொள்ளவில்லை. 'டூப்ளிகேட்' என்று தொடங்கும் காரணங்களும் இதற்குச் சொந்தம்தான். இங்கே அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் இல்லை. பக்கத்தில்தான் வேலை இருக்கிறது.

முதலில் ஒரே பொருளைப் பல பக்கமாகப் பிரித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அல்வா கால் கிலோ ஒரு பக்கம், அரை கிலோ ஒரு பக்கம், ஒரு கிலோ ஒரு பக்கம். மூன்றிலும் அதே படம், அதே நான்கு வரி, எடையும் விலையும் மட்டும் வேறு. கூகுள் மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடும், சில நேரம் மூன்றையுமே விடும். மூன்றையும் ஒரே பக்கமாக்கி, எடையை அந்தப் பக்கத்துக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பழைய முகவரிகளில் இருந்து புதியதற்கு 301 (நிரந்தரத்) திருப்பிவிடல் போடுங்கள். ஆனால் பத்தமடைப் பாயில் தினம் விரித்துப் படுக்கிற கோரைப் பாயும், மணமக்கள் பெயர் நெய்து தரும் கல்யாணப் பாயும் வேறு வேறு சரக்கு. வாங்குகிறவர் வேறு, கேட்கும் கேள்வி வேறு, நெய்துதர ஆகும் நாளும் வேறு. அவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் வேண்டும்.

அடுத்தது எழுத்து. மொத்த வியாபாரி அனுப்பிய விவரத்தை அப்படியே ஒட்டியிருப்போம். அவர் அதே நான்கு வரியை இன்னும் பல கடைகளுக்கு அனுப்பியிருப்பார். அதே வரிகளைப் பெரிய விற்பனைத் தளங்களிலும் நாமே போட்டிருப்போம். 'இயற்கையானது, தரமானது, நூறு சதவீதம் சுத்தமானது, உடலுக்கு நல்லது' என்பதை வைத்து உங்கள் பக்கத்தையும் அடுத்த கடைப் பக்கத்தையும் எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கூகுள் மட்டும் எப்படிச் சொல்லும்? இப்போது ஏஐயிடம் கேட்டு ஒரே மதியத்தில் நாற்பது பொருளுக்கும் விவரம் எழுதி வாங்குகிறார்கள். வார்த்தை மாறும், சங்கதி அதேதான். சங்கதி இல்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளிலேயே சேர்த்துவிட்டது. யார் எழுதினார்கள் என்பது அங்கே கேள்வி இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், சங்கதி இல்லாமல் இல்லை. "அண்ணாச்சி, இது நல்ல கருப்பட்டிதானா? சீனி கலந்திருக்காதே?" என்று கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கல்லாவில் இருக்கிறவர் பத்து நிமிஷம் பேசுவார். உடைத்துக் காட்டுவார், வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வார், எந்த ஊர்ச் சரக்கு என்பார், மழைக்காலத்தில் எப்படி வைக்க வேண்டும் என்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு வரிகூட அவருடைய இணையப் பக்கத்தில் இருக்காது. அதை எழுதுவதுதான் மருந்து.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு பொருளைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளைப் பொறுக்கி எடுங்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும், சென்னைக்கு எத்தனை நாளில் வரும், பஸ்ஸில் கொண்டுபோனால் நெய் கசியுமா, பாயைத் தண்ணீரில் கழுவலாமா, மடித்து வைக்கலாமா சுருட்டி வைக்க வேண்டுமா. நீங்கள் அங்கே தட்டிய பதில்களே பக்கத்துக்கான எழுத்து. கருப்பட்டிக்கு ஒரு மாதிரி:

"உடன்குடிப் பக்கத்தில் காய்ச்சிய பனங்கருப்பட்டி. பதனீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் ஒவ்வொன்றும் எடையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு கிலோ என்பது எடைக் கணக்கு, எண்ணிக்கை மாறும். நிறமும் காய்ச்சலுக்குக் காய்ச்சல் மாறும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து மேலே பிசுபிசுக்கும், கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காப்பிக்கோ பணியாரத்துக்கோ போடுமுன் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள்."

இது அலங்காரமான எழுத்து இல்லை. ஆனால் இதைப் படித்தவர் போன் பண்ணி 'ஏன் ஒன்று சின்னதா இருக்கு?' என்று சண்டை போட மாட்டார். உங்கள் சரக்கு வேறு ஊரில் இருந்து வந்தால் அந்த ஊர்ப் பெயரைத்தான் போட வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. அந்தப் பெயர்களை ஊர் ஊராக ஒட்டிக்கொள்ள முடியாது. அதேபோல 'சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று கருப்பட்டிப் பக்கத்தில் எழுதாதீர்கள். அதுவும் சர்க்கரைதான். இண்டெக்ஸ் ஆகிறதோ இல்லையோ, யாராவது நம்பிவிடுவார்கள்.

எழுதியும் கூகுளுக்குத் தெரியாமல் போகும் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, விவரம் முழுவதையும் அழகான போஸ்டராகச் செய்து படமாக ஏற்றுவது. படத்துக்குள் இருக்கும் தமிழை நம்பிக் கடையை நடத்த முடியாது. போஸ்டர் இருக்கட்டும், அதே விவரம் கீழே எழுத்தாகவும் இருக்கட்டும். மற்றொன்று ஃபாண்ட். லேபிள் அடித்த சிவகாசி அச்சகத்தில் இருந்தோ ஊர் டிடிபி கடையில் இருந்தோ விவரத்தை வாங்கி ஒட்டுவோம். அது பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்ததாக இருந்தால் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே ஆங்கில எழுத்து. பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். தளத்தில் அந்த ஃபாண்டையும் ஏற்றி வைத்தால் உங்கள் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், கூகுளுக்கு மட்டும் குப்பை. பக்கத்தில் இருந்து ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் புரியும் எழுத்துமுறை. ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தால் மாற்றிக்கொடுக்கும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன, மாற்றிவிட்டு ஒருமுறை பிழை பாருங்கள்.

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேட்பார்கள். இரண்டிலும் தேடுகிறார்கள், கருப்பட்டி என்பதையே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக அடிக்கிறார்கள். தலைப்பில் தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்திலான பெயரும் சேர்ந்து இருப்பது நல்லது. தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்தாலும் அது டூப்ளிகேட் ஆகாது. இரண்டுக்கும் உள்ள உறவை, மொழியைக் காட்டும் எச்ரெஃப்லாங் குறியால் காட்டினால் போதும். முகவரியில் தமிழ் எழுத்து இருப்பதும் கூகுளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அதைக் காப்பி செய்து ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீண்டு விழும். வாட்ஸ்அப்பில் விற்கிற நமக்கு அது தொல்லை என்பதால், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக வைப்பதே என் பழக்கம்.

சரக்கு இல்லாத மாதங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பனையேற்றம் நின்றுவிடும். சரக்குத் தீர்ந்ததும் பக்கத்தை அழித்துவிட்டு, அடுத்த பதனீர்க் காலத்தில் புது முகவரியில் புதுப் பக்கம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவது போலத்தான். பக்கத்தை அப்படியே விடுங்கள். 'இப்போது சரக்கு இல்லை, இன்ன மாதம் வரும்' என்று போடுங்கள். தேடுபொறிகளுக்காகத் தீம் உள்ளே எழுதும் பொருள் விவரக் குறியிலும் இருப்பு இல்லை என்று மாறுகிறதா பாருங்கள். ஆனால் விவரத்தையும் படத்தையும் மறைத்துவிட்டு, 'பொருள் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரியை மட்டும் காட்டும் தீம்கள் உண்டு. அப்படிப்பட்ட பக்கத்தைக் கூகுள் 'சாஃப்ட் 404' (திறந்தாலும் காலியான பக்கம்) என்று தள்ளிவிடும்.

ஒரு பொருளை நிரந்தரமாகவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், அதற்கு மிக நெருங்கிய பொருளுக்குத் திருப்பிவிடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) வரட்டும், தப்பில்லை. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் அதையும் சாஃப்ட் 404 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இப்போது பட்டனை அழுத்தலாம்

பக்கத்தைச் சரிசெய்த பிறகுதான் 'ரெக்வெஸ்ட் இண்டெக்ஸிங்'. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு. ஆகவே நன்றாக விற்கும் பொருள்களில் தொடங்குங்கள். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சீக்கிரம் நடக்காது என்று கூகுளே சொல்கிறது. நோஇண்டெக்ஸ் போலக் கடை முழுவதுக்கும் பொதுவான கோளாறைச் சரிசெய்திருந்தால், 'பேஜஸ்' அறிக்கையில் அந்தக் காரணத்தைத் திறந்து 'வேலிடேட் ஃபிக்ஸ்' கொடுங்கள். சில நாளில் நடக்கலாம், சில வாரமும் ஆகலாம். அறிக்கையே சில நாள் பின்தங்கித்தான் வரும் என்பதால் தினமும் திறந்து பார்ப்பதில் பயனில்லை; வாரம் ஒருமுறை போதும். அதுவரை அடுத்த பொருளுக்கு விவரம் எழுதுங்கள்.

'24 மணி நேரத்தில் இண்டெக்ஸ் செய்து தருகிறோம், பக்கத்துக்கு இவ்வளவு' என்று செய்தி வரும். அவர்களில் பலர் பயன்படுத்துவது, நிரல் வழியாகப் பக்கத்தைத் தெரிவிக்கும் கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐ. கூகுள் அதை வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை வீடியோப் பக்கங்களுக்கும் மட்டும்தான் கொடுத்திருக்கிறது. அல்வாவுக்கு இல்லை. அந்தக் காசுக்கு நல்ல வெளிச்சத்தில் பொருளை நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடலாம்.

கூகுள் வேலை முடிந்ததும், பிங் தேடுபொறியின் வெப்மாஸ்டர் டூல்ஸையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். சர்ச் கன்சோலில் இருந்து கடையை அப்படியே இறக்குமதி செய்துகொள்ள அதில் வசதி இருக்கிறது. இண்டெக்ஸ்நவ் என்ற முறையில் பக்கம் மாறியதும் தானாகத் தகவல் சொல்லலாம். பிங்கும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் அதை ஏற்கின்றன, கூகுள் அதில் சேரவில்லை. வேர்ட்பிரஸில் அதற்கு ஒரு பிளகின் போட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.